ஒரு திரையிலிருந்து இன்னொரு திரைக்கு: அந்த 300 மில்லிசெகண்டில் என்ன நடக்குது?

இன்னைக்கு நாம பேசப்போறது, தினமும் கண்ணு முன்னாடி நடந்தும் கவனிக்காம விடுற ஒரு விஷயம். ஆப்ல ஒரு பட்டனைத் தட்டுறீங்க, அடுத்த திரை வருது. எப்படி வருது? வலது பக்கத்துல இருந்து சறுக்கிட்டு வருதா, கீழ இருந்து எழும்பி வருதா, இல்ல பழைய திரை மங்கி புதுசு தெளியுதா? இதைத்தான் ஸ்க்ரீன் டிரான்சிஷன்னு சொல்றோம்.

இது வெறும் அழகுக்காகன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. என்னைக் கேட்டா, இது வழிகாட்டுற வேலை. வலது பக்கத்துல இருந்து திரை வந்தா, "ஒரு படி உள்ள போயிருக்கோம், திரும்பணும்னா இடது பக்கம்" அப்படின்னு மூளை தானா ஒரு வரைபடம் போட்டுக்குது. கீழ இருந்து எழும்பினா, "இது சின்ன வேலை, முடிச்சுட்டு மூடிடலாம்"னு அர்த்தம். பணம் கட்டுற பக்கம், ஃபில்டர் பக்கம் எல்லாம் இப்படி வர்றது அதனாலதான். கீழே இருக்கற டேப்களுக்கு நடுவுல மாறும்போது ஃபேட் போதும். ஏன்னா அங்க யாரும் உள்ளயும் போகல, வெளியவும் வரல. கீழ இருந்து வந்த திரையை மூடும்போது வலது பக்கமா அனுப்பிட்டீங்கன்னா, அந்த வரைபடம் குழம்பிடும்.

சரி, செய்யறது எப்படி? ஃப்ளட்டரை உதாரணமா எடுத்துக்கறேன். வழக்கமான மெட்டீரியல்பேஜ்ரூட்டுக்குப் பதிலா பேஜ்ரூட்பில்டர் பயன்படுத்தணும். அதுல ரெண்டு ஃபங்ஷன் முக்கியம். எந்தத் திரையைக் காட்டணும்னு பேஜ்பில்டர் சொல்லும். அது எப்படி வரணும்னு டிரான்சிஷன்ஸ்பில்டர் சொல்லும். இந்த ரெண்டாவது ஃபங்ஷனுக்கு ஒரு அனிமேஷன் கிடைக்கும். அது 0-ல ஆரம்பிச்சு 1-ல முடியற ஒரு எண், அவ்வளவுதான். அந்த எண்ணை ஆஃப்செட்டா மாத்தி ஸ்லைட்டிரான்சிஷன்ல கொடுத்தா திரை நகரும், அப்படியே ஃபேட்டிரான்சிஷன்ல கொடுத்தா மங்கித் தெளியும். கூடவே செகண்டரி அனிமேஷன்னு இன்னொண்ணும் வரும். நம்ம திரைக்கு மேல வேற திரை வந்து மூடும்போது ஓடறது அது.

அடுத்தது நேரம். பேஜ்ரூட்பில்டர்ல நாம எதுவும் சொல்லலைன்னா 300 மில்லிசெகண்ட். நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கிற திரையில அது வெறும் 18 ஃப்ரேம். அந்த நேரத்துலயே பெரிய ஜேசானைப் பிரிக்கிற மாதிரி ஒரு வேலை 50 மில்லிசெகண்ட் எடுத்துக்கிட்டா, 3 ஃப்ரேம் போச்சு. திரை திக்கித் திக்கி வரும். விலை குறைஞ்ச போன்ல இது பளிச்னு தெரியும். அதனால டெஸ்ட் பண்றது உங்க புது போன்ல மட்டும் வேண்டாம்.

அப்புறம் கர்வ். ஒரே வேகத்துல நகர்ற திரை எந்திரம் மாதிரி இருக்கும். ஸ்டாப்புக்கு வர்ற பஸ்ஸைப் பாருங்க, வேகமா வந்து மெதுவா நிக்கும். ஈஸ்அவுட் கர்வ் அப்படித்தான். திரும்பிப் போகும்போது அதே கர்வ் தலைகீழா ஓடும், மெதுவா கிளம்பி வேகமா வெளிய போகும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஐபோன்ல திரையோட ஓரத்துல இருந்து இழுத்துத் திரும்பிப் போற பழக்கம் எல்லாருக்கும் இருக்கு. பேஜ்ரூட்பில்டர் போட்டா அது தானா கிடைக்காது. அந்தப் பழக்கம் வேணும்கற இடத்துல குப்பர்டினோபேஜ்ரூட்டையே வச்சுக்கிறது நல்லது.

இப்போ எனக்கு முக்கியமாப் படற விஷயத்துக்கு வர்றேன். 2013-ல ஐஓஎஸ் 7 வந்தப்போ, ஆப் திறந்தா ஜூம், மூடினா ஜூம், பின்னாடி படம் தனியா நகரும். சிலருக்கு அதைப் பார்த்தாலே தலை சுத்தல், குமட்டல். உள்காது "நீ அசையல"ங்குது, கண்ணு "நீ நகர்றே"ங்குது. ரெண்டும் ஒத்துப்போகாதப்போ உடம்பு தடுமாறுது. அதே வருஷம் அக்டோபர்ல வந்த 7.0.3 அப்டேட்ல, ரெட்யூஸ் மோஷனை ஆன் பண்ணா ஜூமுக்குப் பதிலா ஃபேட் வர்ற மாதிரி ஆப்பிள் மாத்திச்சு. ஆண்ட்ராய்டுலயும் அனிமேஷனை நிறுத்தற வசதி ஆக்சஸிபிலிட்டி செட்டிங்ஸ்ல இருக்கு.

ஆனா போன் கேட்டா மட்டும் போதாது, உங்க ஆப்பும் கேக்கணும். நீங்களே எழுதின டிரான்சிஷனுக்கு நீங்கதான் பொறுப்பு. ஃப்ளட்டர்ல மீடியாகுவரியோட டிஸேபிள்அனிமேஷன்ஸ், ஆக்சஸிபிலிட்டிஃபீச்சர்ஸோட ரெட்யூஸ்மோஷன், இது ரெண்டையும் பாருங்க. இதுல ரெண்டாவது ஐஓஎஸ்ஸுக்கானது. ரெண்டுல எது ட்ரூவா இருந்தாலும் ஸ்லைட், ஜூம் எல்லாத்தையும் விட்டுட்டு சின்ன ஃபேட் போடுங்க, இல்லன்னா திரையை நேரடியா காட்டிடுங்க. ஒரே ஒரு இஃப் கண்டிஷன்தான். அது இல்லாததால ஒருத்தர் டிக்கெட் புக் பண்ண முடியாம, மருந்து ஆர்டர் பண்ண முடியாம போனைக் கீழ வைக்கலாம். அவங்க ரிவ்யூ எழுத மாட்டாங்க, ஆப்பை அழிச்சுட்டுப் போயிடுவாங்க. உங்களுக்குக் காரணமே தெரியாது.

இதைக் கேட்டு முடிச்சதும் ஒரு வேலை பண்ணுங்க. போன்ல அந்த செட்டிங்கை ஆன் பண்ணிட்டு, நீங்க எழுதின ஆப்பை அஞ்சு நிமிஷம் ஓட்டிப் பாருங்க. எந்தத் திரை இன்னும் சறுக்கிட்டு வருதோ, அங்கிருந்து திருத்த ஆரம்பிங்க.