திரையோரத்து அளவுகள்

லினக்ஸ் கணிப்பொறியின் உள்நிலையைத் திரையின் ஓரத்தில் ஓயாது எழுதிக் காட்டும் ‘கான்கி’ என்னும் சிறு நிரல், பெரும்பாலானவற்றைத் தானாக அளப்பதில்லை. ‘புரோக்’ என்னும் அடைவில் லினக்ஸின் கருநிரல் வெளியிடும் எண்களைக் குறித்த இடைவெளியில் படித்து எழுதுவதே அதன் தலையாய பணி. எவற்றை எழுதுவது, எத்தனை வினாடிக்கு ஒருமுறை எழுதுவது என்பனவற்றைப் பயன்படுத்துவோர் ஓர் அமைப்புக் கோப்பில் வகுத்துத் தருதல் வேண்டும். 2015-இல் வெளிவந்த 1.10 பதிப்பு முதல் இக்கோப்பு லுவா மொழியின் இலக்கணப்படி அமைகிறது.

அமைப்போர் பெரிதும் மயங்குவது நினைவக அளவிலேயாம். 8 கிகாபைட் நினைவகத்தில் வெற்றிடம் சில நூறு மெகாபைட்டே எனக் கண்டு, புதிய நினைவகம் வாங்க விரைவோர் உளர். அச்செலவு பெரும்பாலும் வீணே. சும்மா கிடக்கும் நினைவகத்தில், வட்டிலிருந்து படித்த கோப்புகளின் படிகளை லினக்ஸ் சேர்த்து வைக்கிறது. ஒரு நிரல் இடம் கேட்பின், அவற்றுள் பெரும்பகுதியை உடனே அகற்றி இடம் தருகிறது. ஆதலின் திரையில் காட்டத்தக்கது வெற்றிடம் அன்று, கிடைக்கத்தக்க இடமே. 2014-இல் வந்த 3.14 பதிப்பு முதல் கருநிரலே இதனை மதிப்பிட்டுத் தருகிறது. கான்கியின் அமைப்புக் கோப்பில் ‘மெம்ஈஸிஃப்ரீ’ என்ற குறிச்சொல் இத்தகைய அளவையே குறிக்கும்.

இடைவெளியும் கருதத்தக்கது. பிற கட்டளைகளை ஏவி விடை பெறும் வரி ஒவ்வொன்றும், ஏவுந்தோறும் ஒரு புதிய செயலைத் தொடங்குவதால், கணிப்பொறிக்குக் கூடுதல் வேலை உண்டாகிறது. செயலகத்தின் பளுவை இரண்டு வினாடிக்கு ஒருமுறை காட்டினும், அத்தகைய வரிகளுக்குச் சில நிமிட இடைவெளியைத் தனியே குறித்தல் நன்று.