குன்று கடலைத் தொடும் வர்க்கலா

சாலைக் கடைவீதியில் வேலை பார்ப்பவர்களுக்கு லீவு என்பது பெரும்பாலும் ஒரு நாள்தான். சொந்த ஊருக்குப் போய்வர அது போதாது. வீட்டில் இருந்தாலோ பிள்ளைகள் விடமாட்டார்கள். சங்குமுகம் பார்த்துச் சலித்த குடும்பத்தார், காலையில் தம்பானூரில் ரயில் ஏறி வடக்கே சுமார் 40 கிலோ மீட்டர் போனால் வர்க்கலா வந்துவிடும். கட்டுச்சோறு கொண்டுபோனால் செலவும் அதிகமில்லை.

தென் கேரளக் கடற்கரை பெரும்பாலும் மணலும் தென்னையுமாகத் தாழ்ந்து கிடக்கிறது. வர்க்கலாவிலோ செங்குன்று கடலை ஒட்டிச் சுவர் போல நிற்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களில் ஒன்றாக அறிவித்திருக்கிறது.

கீழே உள்ள கரைக்குப் பாபநாசம் என்று பெயர். ஆடி அமாவாசையைக் கேரளத்தார் கர்க்கடக வாவு என்பார்கள். அன்று பிதுர் தர்ப்பணம் செய்ய இங்கே பெருங்கூட்டம் கூடும். கரைக்கு அருகே மேட்டில் ஜனார்த்தன சுவாமி கோயில் இருக்கிறது.

பாறையில் ஊறும் தண்ணீர்

குன்றின் அடியில் ஆங்காங்கே நல்ல தண்ணீர் ஊற்றுகள் உண்டு. உப்புக் கடலின் ஓரத்தில் நல்ல தண்ணீர் எப்படி? குன்றின் மேற்பகுதி, வீடு கட்டப் பயன்படும் வெட்டுக்கல். அதன் கீழே மணற்பாறையும் களிமண்ணும் அடுக்கடுக்காக இருக்கின்றன. மழைநீர் மேலிருந்து இறங்கி, களிமண்ணைத் தாண்ட முடியாமல் பக்கவாட்டில் கசிந்து வெளியே வருகிறது.

குன்றைச் சரிப்பதும் இதே தண்ணீர்தான். களிமண் ஊறி இளகும்போது, அலையும் அடிவாரத்தை அரிக்கிறது. பிடிப்பு இழந்த மேற்பகுதி திடீரென்று இடிந்து விழுகிறது. மழைக்காலத்தில் இந்த ஆபத்து அதிகம்.

பிள்ளைகள் ஜாக்கிரதை

ஆகவே நிழல் கிடைக்கிறதே என்று குன்றின் அடியில் துண்டை விரித்துச் சாப்பிட உட்காரக் கூடாது. மேலே நடப்பவர்களும் விளிம்பை விட்டு விலகியே நடக்க வேண்டும். போட்டோ எடுக்க வேலியைத் தாண்டுவது கூடவே கூடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிப்பாக இருக்கும். கால் நனைப்பதுகூட உயிர்காப்பாளர் அனுமதித்தால்தான். பிள்ளைகளின் கையை விடவே கூடாது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போவது நல்லது.

திரும்பும் வழியில் சிவகிரிக்கும் போகலாம். ஸ்ரீநாராயண குரு 1928-ல் சமாதி அடைந்த இடம் அது. சாயங்கால ரயிலைப் பிடித்தால், இராச்சாப்பாட்டுக்குச் சாலைக்கு வந்துவிடலாம்.