துல்லியமும் நுட்பமும்: ஆழ மைக்ரோமீட்டர் வழி ஒரு சொல்லாய்வு

பொறியுறுப்பில் இட்ட துளையின் ஆழத்தை மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை காட்டுவது இலக்கமுறை ஆழ மைக்ரோமீட்டர். அதன் திரையில் தோன்றும் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது பொறியியல் வினா மட்டுமன்று; சொல் பற்றிய வினாவும் ஆகும்.

கருவியின் தட்டையான அடிப்பகுதி துளையின் வாய்மீது படிந்திருக்கும். திருகைச் சுழற்ற, அளவுத்தண்டு இறங்கித் துளையின் அடியைத் தொடும். பொதுவாக ஒரு முழுச்சுற்று தண்டினை 0.5 மி.மீ. நகர்த்தும். பழைய வகையில் சுழல் உருளையின் 50 கோடுகளைக் கொண்டு 0.01 மி.மீ. வரை படிப்பர். வெளிவிட்டம் அளக்கும் மைக்ரோமீட்டருக்கு மாறாக இதில் எண்கள் எதிர்த்திசையில் ஏறுவதால், புதிதாகப் பயில்வோர் தடுமாறுவர். இலக்கத்திரை அத்தடுமாற்றத்தை நீக்கியது. வேறொரு மயக்கத்தை வளர்த்தது.

25.000 மி.மீ. ஆழம் வேண்டிய துளையை ஒரு மாணவர் ஐந்து முறை அளக்கிறார் எனக் கொள்வோம். ஒவ்வொரு முறையும் 25.000 அல்லது 25.001 என வருகிறது. ஆயினும் துளையின் விளிம்பில் 0.04 மி.மீ. பிசிர் எழுந்து கருவியின் அடிப்பகுதியை உயர்த்தியிருந்தால், உண்மை ஆழம் 24.96 மட்டுமே. அதில் பொருத்தும் பேரிங் வெளியே துருத்தும், மூடி படியாது. திருகை மிகையாக அழுத்தினாலும் அடிப்பகுதி எழும்பி இதே பிழை நேரும்.

இங்கு மூன்று பண்புகள் உள்ளன. அளவீடுகள் தம்முள் நெருங்கியிருத்தல் ஒன்று; உண்மை மதிப்பை நெருங்குதல் மற்றொன்று; கருவி காட்டவல்ல மிகச்சிறிய அளவு மூன்றாவது. பேச்சில் நாம் மூன்றையும் ‘துல்லியம்’ என்றே கூறிவிடுகிறோம். தமிழ்நாட்டுப் பள்ளி இயற்பியல் நூல்களோ இவற்றை முறையே நுட்பம், துல்லியத்தன்மை, மீச்சிற்றளவு எனப் பிரிக்கின்றன. சொல்வரலாறும் இதற்கு இசைகிறது. ‘துல்லியம்’ சமம் எனப் பொருள்படும் வடசொல்லின் வழி வந்தது, துலாக்கோலுக்கு உறவுடையது. ஆகவே உண்மையோடு ஒத்திருத்தலை அது குறித்தல் பொருந்தும். ‘நுட்பம்’ நுண்மையின் வழிப் பிறந்தது.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற ஜொகூர் மாணவர், இடைநிலைப் பள்ளியில் ‘கெபெர்சிசான்’, ‘கெஜித்துவான்’ என்னும் மலாய்ச் சொற்களைத் தனித்தனியே கற்கிறார். பின்னர்ப் பாசிர் கூடாங் இப்ராகிம் சுல்தான் பொலித்தெக்னிக் போன்ற நிலையங்களின் பட்டறையிலும் அவ்வேறுபாடு தேவைப்படும். தாய்மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பவர், தமிழில் இவ்வேறுபாடே இல்லை என்று எண்ணக்கூடும். குறை மொழியினுடையதன்று, நாம் சொற்களை வழங்காததே குறை.

தட்பவெப்பத்தையும் கருதவேண்டும். நீள அளவீட்டுக்குரிய அனைத்துலக வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். நம் பட்டறைகளில் 30 பாகை இயல்பு. அவ்வேற்றுமையால் 100 மி.மீ. எஃகு ஏறத்தாழ 0.0115 மி.மீ. நீளும், அலுமினியம் 0.023 மி.மீ. நீளும். எஃகுத் தண்டால் அலுமினியத்தை அளக்கும்போது திரையின் கடைசி இலக்கம் மாறாது நின்றாலும் அது மெய்யாகாது.

எனவே ஆசிரியர்கள் கருவியைக் கையில் கொடுக்கும்போதே மூன்று வினாக்களைக் கேட்பிக்கலாம்: மீச்சிற்றளவு எவ்வளவு? மீண்டும் அளந்தால் அதே எண் வருமா? சமதளத்தில் வைத்தால் சுழி காட்டுமா? மூன்றாவதே துல்லியத்தின் வாயில். பிசிரைத் துடைத்த பின்னரே அதனுள் புக இயலும்.