கணினியின் கோளாறு எங்கே இருக்கிறது?

அயல் மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லத்தில் மேசைக் கணினி பழுதுற்றால் தொல்லை இரண்டு. பழுது ஒன்று, அதனைச் சீர்செய்ய வருபவருக்கு அவர் மொழியில் எடுத்துரைப்பது மற்றொன்று. தில்லியில் நாமும் நெடுநாள் ‘கராப் ஹோ கயா’ என்று சொல்லிக் கைகட்டி நின்றவர்களே. மொழிபெயர்ப்பையே தொழிலாக உடைய நமக்கு இது பெருமை தருவதன்று.

சென்ற குளிர்காலத்தில், மகளின் தேர்வு விண்ணப்பத்தை இணையத்தில் அனுப்பவேண்டிய கடைசி நாள். கணினி இயங்கிற்று, ரௌட்டரின் விளக்குகளும் ஒழுங்காக எரிந்தன. எனினும் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ‘தொடர்பு பாதுகாப்பானதன்று’ என்ற எச்சரிக்கையே வந்தது. அழைத்து வந்த மெக்கானிக், மதர்போர்டையே மாற்றவேண்டும் என்றார். அவர் சென்றபின் தற்செயலாகத் திரையின் மூலையை நோக்கினோம். ஆண்டு 2015 என்றிருந்தது!

மதர்போர்டில் நாணயம் போன்ற மின்கலம் ஒன்று உண்டு. பெரும்பாலும் சிஆர் 2032 என்னும் 3 வோல்ட் கலம். மின்சாரம் இல்லாத வேளையிலும் கடிகாரத்தை ஓடச்செய்வது அதுவே. அது தீர்ந்தால் தேதி பின்னோக்கிச் சென்றுவிடும். இணையத் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 2015இல் நிற்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. சில வேளைகளில் கடிகாரம் இணையத்தின் வழியே தானே திருந்தும், அன்று திருந்தவில்லை. கையால் தேதியைத் திருத்தினோம், விண்ணப்பம் சென்றது. நூறு ரூபாய்க்கும் குறைந்த விலையில் புதிய கலத்தை மறுநாள் வாங்கினோம்.

ஆகவே, கோளாறு எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் காணுதல் வேண்டும். விளக்கும் விசிறியும் இயங்கவில்லையா? பிளக்கையும் பெட்டியின் பின்புறச் சுவிட்சையும் பாருங்கள். விசிறி சுழன்றும் திரை இருண்டிருந்தால், திரையின் கேபிளை அழுத்திப் பொருத்திய பின் ரேமைச் சோதிக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை மென்துணியால் துடைத்து, ‘டக்’கென்று பற்றும்வரை அழுத்தவேண்டும். தில்லிப் புழுதிக்கு இந்த மருந்து பலமுறை பலித்திருக்கிறது. ஆனால் குளிர்கால வறண்ட காற்றில், கம்பளிச் சட்டையோடு ரேமைத் தொடாதீர்கள். உடலில் சேரும் நிலைமின்னூட்டம் அதைக் கெடுத்துவிடக்கூடும். பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியை முதலில் தொடுதல் நலம்.

வலைத்தொடர்பு இல்லையெனில், அதே வைஃபையில் கைபேசி இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் குறை கணினியிலேதான். விண்டோஸில் ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளையை இட்டால் கணினியின் முகவரி தெரியும். அது 169.254 என்று தொடங்கினால், ரௌட்டரிடமிருந்து முகவரி கிட்டவில்லை என்பது பொருள். கேபிளைப் பாருங்கள், ரௌட்டரை நிறுத்தி மீண்டும் இயக்குங்கள். முகவரி சரியாக இருந்து, 8.8.8.8 என்ற எண்ணுக்குப் ‘பிங்’ அனுப்பினால் மறுமொழி வந்து, தளப்பெயர்கள் மட்டும் திறக்காவிடின், பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் அமைப்பில்தான் குறை.

இவ்வளவு கண்டபின் மெக்கானிக்கை அழைத்தால், ‘விசிறி சுழல்கிறது, திரை இருள், ரேமை மாற்றிப் பொருத்தியாயிற்று’ என இந்தியிலோ மராத்தியிலோ சொல்லச் சில சொற்களே போதும். மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் நீங்கள் திறக்கவேண்டா. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதனுள் ஆளைத் தாக்கும் மின்னூட்டம் தங்கியிருக்கும்.