கில் ஹாட்ஜசுக்காக ஒரு செபம்

1953-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் மாநகரின் ஒரு பகுதியான புரூக்ளினில், புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயத்தில் திருப்பலி நடந்துகொண்டிருந்தது. நம் முத்துக்குளித்துறை மக்களுக்குத் திருமுழுக்கு அளித்த அதே சவேரியாரின் பெயரால் எழுந்த ஆலயம் அது. மறையுரை நேரம் வந்தது. அருள்தந்தை ஹெர்பர்ட் ரெட்மண்ட் மக்களை நோக்கி, மறையுரை நிகழ்த்த இயலாத அளவுக்கு வெப்பமாய் இருக்கிறது என்றார். எல்லாரும் வீடு சென்று, கட்டளைகளைக் கடைப்பிடித்து, கில் ஹாட்ஜசுக்காக ஒரு செபம் சொல்லுங்கள் என்று கூறி முடித்துக்கொண்டார். மறையுரை நீள்கிறது என்று முணுமுணுக்கும் நம் பங்கு மக்கள் இக்குருவைப் பெரிதும் விரும்பியிருப்பர்!

யார் இந்த ஹாட்ஜஸ்? நோயாளியா, சிறைக்கைதியா? இல்லை. புரூக்ளின் டாட்ஜர்ஸ் என்னும் பேஸ்பால் அணியின் முதல் தளக் காவலர். பந்தை வேலிக்கு அப்பால் அனுப்புவதில் பெயர்பெற்ற வலிய கரத்தினர்.

பேஸ்பால் நமக்குப் பழக்கமில்லாத ஆட்டம். தரையில் படாமல் விரைந்து வரும் பந்தை உருண்டை மட்டையால் அடித்து, நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். பந்து வேலியைத் தாண்டிப் பறந்தால் அது 'ஹோம் ரன்'. நம் சிக்சரைப் போன்றது. ஒன்றை மட்டும் மனத்தில் கொள்ள வேண்டும்: பத்து முறை மட்டை பிடித்து மூன்று முறை வெற்றி காண்பவரே அங்குச் சிறந்த மட்டையாளர். ஏழு முறை தோற்பது இயல்பு.

ஹாட்ஜஸ் 1924-இல் இண்டியானா மாநிலத்தில் பிறந்தவர். தந்தை நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. தம் மைந்தர் அந்த இருளுக்குள் இறங்கலாகாது என்பது அவருடைய உறுதி. மகன் கத்தோலிக்கக் கல்லூரியாகிய புனித சூசையப்பர் கல்லூரியில் சேர்ந்தார். 1943-இல் டாட்ஜர்ஸ் அணிக்காக ஒரே ஓர் ஆட்டம் ஆடினார். உடனே போர் அழைத்தது. கடற்படைத் துருப்பில் சேர்ந்து, ஒகினாவாத் தீவில் போரிட்டு, வெண்கல விண்மீன் விருது பெற்றுத் திரும்பினார்.

1947-இல் ஜாக்கி ராபின்சன் என்னும் கறுப்பின வீரர் அதே அணியில் முதல் தளத்தில் நின்று, பெரும் அணிகளில் நெடுங்காலம் நிலவிய நிறத்தடையை உடைத்தார். மறு ஆண்டு ராபின்சன் இரண்டாம் தளத்திற்கு மாற, ஹாட்ஜஸ் முதல் தளத்திற்கு வந்தார். இருவரும் அருகருகே நின்று ஆடி நண்பர்களாயினர். 1950 ஆகஸ்ட் 31 அன்று ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன்கள் அடித்தார் ஹாட்ஜஸ். 1949 முதல் 1955 வரை ஏழு பருவங்களில் ஒவ்வொன்றிலும் நூறு ஓட்டங்களுக்கு மேல் தம் அணிக்குத் தேடித் தந்தார்.

இத்தகையவர்தாம் 1952 அக்டோபரில், 'உலகத் தொடர்' எனப்படும் இறுதிப் போட்டியில் வீழ்ந்தார். ஏழு ஆட்டங்கள்; 21 முறை மட்டை வீசினார்; ஒருமுறைகூட அடி விழவில்லை. டாட்ஜர்ஸ் தோற்றது. அடுத்த வசந்தத்திலும் அதே நிலை. மே மாதத்தில் அவரது வெற்றி விகிதம் நூற்றுக்குப் பத்தொன்பதைக்கூட எட்டவில்லை. ஆட்டத்திலிருந்து சில நாள் ஒதுக்கியும் வைக்கப்பட்டார்.

புரூக்ளின் மக்கள் எவரையும் கூச்சலிட்டு இகழத் தயங்காதவர்கள். ஆனால் ஹாட்ஜசை அவர்கள் இகழவில்லை. கடிதங்கள் வந்தன, செபமாலைகள் வந்தன, நல்வாய்ப்புக்கான சின்னங்களும் வந்தன (இவற்றைத் திருச்சபை பரிந்துரைப்பதில்லை எனினும் அனுப்பியோரின் அன்பை மறுக்க இயலாது). ரெட்மண்ட் அடிகளார் அன்று கேட்ட செபம், ஊரே செய்துகொண்டிருந்த செபம்.

செபித்ததும் பந்து பறந்ததா என்று வாசகர் கேட்கலாம். நடந்ததைச் சொல்கிறேன். அணியின் மேலாளர் சார்லி டிரெஸ்ஸன், ஹாட்ஜஸ் ஆடுவதைப் படச்சுருளில் பதிவு செய்து அவரிடமே காட்டினார். பந்து வரும்போது இடது கால் முன்னே செல்லாமல் ஓரமாய் விலகுவதைத் தம் கண்ணாலேயே கண்டார் ஹாட்ஜஸ், திருத்திக்கொண்டார். ஆகவே திருத்தியது படச்சுருள்தானே என்பார் சிலர். இருக்கட்டும். குற்றம் எதுவென்று கண்டுபிடிக்கும்வரை ஒருவன் மனமுடையாமல் நின்றாக வேண்டுமே! அந்நிற்றலுக்கு மக்களின் செபம் துணைநின்றது என்பது என் கருத்து. ஊரார் தூற்றியிருந்தால் அவர் அப்படத்தை அமைதியாய்ப் பார்த்திருப்பாரா என்பதே என் ஐயம்.

அப்பருவத்தை அவர் 31 ஹோம் ரன்களுடனும், நூற்றுக்கு முப்பதுக்கு மேற்பட்ட வெற்றி விகிதத்துடனும் முடித்தார். 1955 அக்டோபர் 4 அன்று புரூக்ளின் முதல்முறையாக உலகத் தொடரை வென்றது. இறுதி ஆட்டத்தின் இரண்டு ஓட்டங்களும் ஹாட்ஜசின் மட்டையால் வந்தவை. அவற்றுள் இரண்டாவது, தாம் ஆட்டமிழந்து தோழரைக் கரைசேர்க்கும் அடி. அதை அவ்வாட்டத்தார் 'தியாக அடி' என்றே அழைக்கின்றனர். கடைசிப் பந்தும் முதல் தளத்தில் நின்ற அவர் கையில்தான் வந்து விழுந்தது.

1957-க்குப் பின் அணி லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குப் பெயர்ந்தது. 1963-இல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 370 ஹோம் ரன்கள். பின்னர் நியூயார்க் மெட்ஸ் அணியின் மேலாளரானார். பலராலும் எள்ளி நகையாடப்பட்ட அவ்வணி 1969-இல் அவர் தலைமையில் உலகத் தொடரை வென்றது. அதற்கு முந்தைய ஆண்டே அவருக்கு ஒருமுறை மாரடைப்பு வந்திருந்தது.

1972 ஏப்ரல் 2, உயிர்ப்புப் பெருவிழா ஞாயிறு. புளோரிடாவில் கோல்ஃப் ஆடித் திரும்புகையில் மீண்டும் மாரடைப்பு ஏற்பட்டு இறந்தார். நாற்பத்தெட்டு வயது நிறைய இரண்டே நாள் இருந்தது. புரூக்ளினில் கிறிஸ்தவர்களின் சகாய அன்னை ஆலயத்தில் அடக்கத் திருப்பலி நிறைவேறியது. பார்வை மங்கிய நிலையிலும் ராபின்சன் வந்திருந்தார். அதே ஆண்டு அக்டோபரில் அவரும் காலமானார்.

பேஸ்பாலின் புகழ்மாடத்தில் ஹாட்ஜசின் பெயர் இடம்பெற மட்டும் நெடுங்காலம் பிடித்தது. ஆண்டுதோறும் வாக்குகள் கிடைத்தும் அவை போதவில்லை. பலர் நம்பிக்கை இழந்தனர். 2021 டிசம்பரில்தான் தேர்வானார். 2022 ஜூலை 24 அன்று கூப்பர்ஸ்டவுன் நகரில் விழா நடந்தபோது தொண்ணூறு வயதைக் கடந்த அவர் துணைவியார் ஜோன் உயிரோடிருந்தார். கணவர் இறந்து ஐம்பது ஆண்டுகள் சென்றபின் அச்செய்தியைக் கேட்ட அவர், அதே செப்டம்பரில் கண்மூடினார்.