மறையீட்டு நாணயம்: மூன்று சொற்களின் பொருள்

மறையீட்டு நாணயங்களைப் பற்றிய பேச்சில் ‘அகழ்தல்’, ‘பணையம் வைத்தல்’, ‘வெகுமதி’ ஆகிய மூன்று சொற்கள் அடிக்கடி அடிபடுகின்றன. இவற்றின் பொருளை அறியாமல் சேமிப்பை ஈடுபடுத்துவது நன்றன்று.

2009-இல் தொடங்கிய பிட்காயினில் அகழ்தல் என்பது மண்ணைத் தோண்டுவதன்று. பரிமாற்றங்களைச் சரிபார்த்துப் பொதுப் பேரேட்டில் ஒரு தொகுதியாகச் சேர்க்கும் உரிமைக்காக, விதிக்குப் பொருந்தும் எண் ஒன்றைத் தேடிக் கணிப்பொறிகள் போட்டியிடுகின்றன. வெல்பவருக்குப் புதிய நாணயம் கிடைக்கிறது. தொடக்கத்தில் தொகுதிக்கு 50 ஆக இருந்த இப்பரிசு, 2024 ஏப்ரலில் 3.125 ஆகக் குறைந்தது. தோற்றவர்கள் செலவிட்ட மின்சாரத்துக்கு ஈடில்லை.

பணையம் வைத்தலில் இப்போட்டி கிடையாது. நாணயத்தை ஈடாக வைத்தோரிலிருந்து ஒருவர் தேர்ந்தெடுக்கப்படுகிறார். முறைகேடு செய்தால் ஈட்டின் ஒரு பகுதி பறிபோகும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் இம்முறைக்கு மாறியதும் அதன் மின் செலவு 99 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது.

2013-இல் தோன்றிய கிரிட்காயின் பிறிதொரு வகை. அறிவியல் ஆய்வுகளுக்குத் தம் கணிப்பொறித் திறனைக் கொடையாக அளிப்போருக்கு அது நாணயம் வழங்குகிறது.

வெகுமதி எனினும் அது வங்கி வட்டியைப் போல் உறுதியானதன்று. விலை சரிந்தால் அதன் மதிப்பும் சரியும். இந்தியாவில் இந்நாணயங்கள் சட்டமுறைச் செலாவணி அல்ல. ஆயினும் இவற்றை விற்று ஈட்டும் ஆதாயத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 விழுக்காடு வரி உண்டு. நட்டத்தையோ வேறு வருமானத்தில் கழிக்க இயலாது.