படம் பொய் சொல்லுமா?



நம்ம நுண்ணோக்கியில் வெங்காயத் தோலைப் பார்த்திருப்பீங்க. நான் சொல்லப்போவது கன்ஃபோகல் நுண்ணோக்கி. இந்த யோசனைக்கு 1957-ல் அமெரிக்காவில் காப்புரிமை கேட்டவர் மார்வின் மின்ஸ்கி.

எப்படி வேலை செய்கிறது?

ரூபாய் நோட்டின் எண்கள் புற ஊதா ஒளியில் ஒளிரும் இல்லையா? அதுபோல ஒளிரும் சாயத்தை செல்லில் உள்ள ஒரு புரதத்தில் ஒட்ட வைப்பார்கள். லேசர் பட்டதும் சாயம் ஒளிரும். அந்த ஒளி ஓர் ஊசித்துளை வழியாக உணர்கருவிக்குப் போகும். அது ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் தரும். (4095 வரை தருவதும் உண்டு.) புரதம் அதிகம் என்றால் ஒளி அதிகம், எண்ணும் அதிகம்.

சிக்கல் எங்கே?

பழைய பேப்பர் கடை சுருள்வில் தராசை நினைச்சுக்கோங்க. எடை இரு மடங்கானால் முள்ளும் இரு மடங்கு இறங்கணும். ரொம்ப எடை போட்டால் முள் கடைசியில் போய் நின்றுவிடும். அப்புறம் எவ்வளவு சேர்த்தாலும் தெரியாது.

உணர்கருவியும் அப்படித்தான். ஒரு மருந்து கொடுத்ததும் புரதம் இரு மடங்கு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். உணர்கருவியின் பெருக்கத்தை ரொம்பக் கூட்டிவிட்டால் மருந்துக்கு முன்னும் 255, பின்னும் 255! படம் பளிச்சென்று அழகா இருக்கும். ஆனால் "மருந்து வேலை செய்யவில்லை" என்று தப்பா முடிவு செய்துவிடுவார்கள். பிறகு கம்ப்யூட்டரில் வெளிச்சத்தைக் குறைத்தாலும் போன வித்தியாசம் திரும்ப வராது.

எப்படிச் சரிபார்ப்பது?

1. லேசரை மறைத்து இருட்டில் என்ன எண் வருகிறது என்று பார்க்கணும். அதுதான் சுழிப்பிழை. ஒவ்வொரு அளவிலும் அதைக் கழிக்கணும்.
2. நீர்த்த சாயக் கரைசல்களை 1, 2, 3, 4 பங்கு என்று தயாரித்து அளக்கணும்.
3. வரைபடத்தாளில் குறிக்கணும். 50, 100, 150, 200 என்று வந்தால் நேர்கோடு. கோடு எங்கே வளைகிறதோ, அதற்கு மேல் வரும் எண்களை நம்பக் கூடாது.

பல நுண்ணோக்கிகளில் 255-ஐத் தொட்ட புள்ளிகளைச் சிவப்பாகக் காட்டும் வசதி உண்டு. சிவப்பு தெரிந்தால் பெருக்கத்தைக் குறைக்கணும். ஒப்பிடும் இரண்டு படங்களையும் ஒரே அமைப்பில்தான் எடுக்கணும்.

கணக்கில் நாம் போடும் நேர்கோட்டு வரைபடம் எங்கே எல்லாம் உதவுது பார்த்தீங்களா?

யோசியுங்கள்: இருட்டில் 10. முதல் செல்லில் 60, இரண்டாம் செல்லில் 110. ஒளி எத்தனை மடங்கு?

(விடை: 2 மடங்கு. 10-ஐக் கழித்தால் 50, 100.)



– 9ஆம் வகுப்பு மாணவி